மண்ணில் உக்கும் டப்பா

கொக்குவில் ரயில் நிலையத்தடியில் அழகுசாதனக் கடை வைத்திருந்த அந்த அம்மா எந்தக் கிறீமையும் முகர்ந்து பார்த்ததில்லை. நெற்றி நிறையத் திருநீறும் மூக்கு நுனியில் கண்ணாடியுமாக, டப்பாவைக் கவிழ்த்து அடியைக் கட்டைவிரலால் அழுத்துவார்.

நான் கிறீம் கம்பனியின் விற்பனையாளன். காகித மட்டையில் செய்த புது டப்பாவை நீட்டி, "பிளாஸ்டிக் இல்லை அம்மா, மண்ணிலை உக்கிப்போகும்" என்றேன்.

"எங்கடை சனம் கிணத்தடியிலைதான் முகம் கழுவும், வாரும்" என்று கடையின் பின்னால் கூட்டிப்போனார். கிணற்றுக்கட்டில் டப்பாவை வைத்து இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினார். அரைமணி நேரத்தில் அது குழைந்துபோனது.

அடுத்த முறை கம்பனி, உள்ளும் புறமும் பூச்சுப் பூசிய டப்பாவைத் தந்தது. அது நனையவில்லை. "விட்டிட்டுப் போம்" என்றார்.

சில மாதங்கள் கழித்துப் போனேன். அந்த டப்பாவை வாழையடியில் புதைத்துவைத்து, கிளறி எடுத்திருந்தார். மட்டை உக்கிவிட்டது, பூச்சு மட்டும் அவர் விரலில் தொங்கியது.

"உது என்ன தம்பி?"

"பூச்சு..."

"பிளாஸ்டிக் எண்டு சொல்லுமன்! பழைய பிளாஸ்டிக் டப்பாவிலை மிளகாய்த்தூளெண்டாலும் போட்டு வைக்கலாம். தண்ணியிலை கரையாமல் மண்ணிலை உக்கிறதாக் கொண்டுவாரும். அதுவரைக்கும் என்ரை கடையிலை உதுக்கு இடமில்லை."

மூன்றாவது டப்பா வந்தபோது என் வீட்டுக் கிணற்றடியிலேயே நனைத்து, அடியை அழுத்தினேன். விரல் உள்ளே போனது. அவரிடம் காட்டாமலே திருப்பி அனுப்பினேன்.

"உம்மை விக்கச் சொன்னனாங்களா, சோதிக்கச் சொன்னனாங்களா?" என்று தொலைபேசியில் கத்தினார் மேலாளர்.

"கொக்குவிலுக்கு வந்து அந்த அம்மாவிட்டை நீங்களே சொல்லுங்கோ" என்றேன்.