சாயாக்கடையில் இருக்கும் தவளை

எங்கள் எஸ்டேட் ஓடையை மூடி ரிசார்ட்டுக்கு ரோடு போட இன்று அளந்தார்கள்.

புதுமழைக்கு மட்டும் மண்ணைவிட்டு வெளியே வரும் தவளை அங்கே உண்டு. சிறுவயது முதல் பார்க்கிறேன். எனக்கு எழுத்து வராது. போன மழையில் நான் காட்ட, ஜீப் டிரைவர் செல்வம் படமெடுத்து, உயிரினங்களைப் பதியும் இணையதளத்தில் ஏற்றினார்.

தவளை இருக்கும் இடம் என்று நான் சொன்னதும், அளக்க வந்த பெண் போனில் அந்தத் தளத்தின் மேப்பைக் காட்டினார். "தாத்தா, ஓடையில தவளையே இல்லையே? தவளைப் புள்ளி சாயாக்கடையிலல்லவா நிக்குது!"

"ஓடைப்பக்கம் டவர் கிடைக்காதும்மா. கடைக்கு வந்துதான் ஏத்துனோம்."

"அப்ப ஓடையில நின்னு வேற படம் எடுத்துப் போடுங்க."

"அது இனி அடுத்த மழைக்குத்தானம்மா வரும்."

"ஜேசிபி நாளைக்கு வருது தாத்தா."

தலையாட்டிவிட்டு வந்தேன். கோபம்கூட வரவில்லை.

சாயாக்கடையைத் தொடமாட்டார்களாம். அங்கே தவளை இருக்கிறதே. டீ குடிக்கப் போகிறவர்கள் பார்த்தால் சொல்லுங்கள்.