ஷாஃப்டில் சுற்றிய மல்லிகைச் சரம்

பொங்கோல் பக்கத்துப் படகுப் பட்டறையில் மருதப்பனுக்குப் 'பகுத்தறிவு அண்ணன்' என்று பெயர். செங்காங்கில் வீடு, இந்நாட்டுக் குடிமகன். பாய்மர உல்லாசப் படகுகளின் எஞ்சின் வேலையிலேயே தலை நரைத்தவர்.

பாய் இருந்தாலும், கரை சேரக் காற்றை நம்ப முடியாது. அதற்கென்று படகுக்குள் ஒரு சின்ன டீசல் எஞ்சின் உண்டு. அதிலிருந்து புறப்படும் ஷாஃப்ட், படகின் அடிப்பாகத்தைத் துளைத்து வெளியே போய்ப் புரொப்பெல்லரைச் சுழற்றும். அந்தத் துளை வழியே கடல் உள்ளே வராமல் தடுப்பது, ஷாஃப்டைச் சுற்றி நெருக்கி வைத்த மெழுகுக் கயிறு. அதிகம் இறுக்கினால் கயிறு கருகும், தளர்த்தினால் படகு நிறையும். ஓடும்போது சொட்டுச் சொட்டாக நீர் கசிந்தால் சரி.

"சாமிகிட்ட கேக்காத, ஷாஃப்ட்டுகிட்ட கேளு" என்பார் மருதப்பன்.

ஆயுத பூஜையன்று அருண்ராஜ் தன் ஸ்பானர்களுக்குக் குங்குமம் வைத்தான். தமிழ்நாட்டிலிருந்து வேலை பர்மிட்டில் இந்த நாட்டுக்கு வந்தவன், முப்பதைத் தாண்டியவன்.

"ஏம்ப்பா, பொட்டு வெச்சா நட்டு தானா கழண்டுக்குமா?" என்றார் மருதப்பன்.

"கழலாட்டி உங்களக் கூப்பிடுறேண்ணே."

பட்டறையே சிரித்தது.

மறுநாள் ஒரு படகு குடும்பத்தோடு கடலுக்குப் போக வேண்டும். ஏற்கெனவே நடுக்கடலில் நின்றுபோன எஞ்சின் அதனுடையது. மருதப்பன் எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டார். ஆனாலும் மனம் அடங்கவில்லை. மனைவி சிவகாமசுந்தரி தேக்கா சந்தையில் வாங்கிக் கொடுத்தனுப்பிய மல்லிகைச் சரம் சாப்பாட்டுப் பையில் இருந்தது. எல்லோரும் போன பிறகு அதை எடுத்து ஷாஃப்டில் கட்டினார். மனைவிக்காகத்தான் என்று சொல்லிக்கொண்டார். உண்மையில் அது பயம். காலையில் யாரும் பார்க்குமுன் அவிழ்த்துவிடலாம் என்பது கணக்கு.

காலையில் அவர் வருவதற்குள் அருண்ராஜ் எஞ்சினை ஓடவிட்டிருந்தான். பூச்சரத்தின் நைலான் நூல் ஷாஃப்டோடு சுற்றி உள்ளே இழுபட்டுக் கயிற்றைக் கருக்கியது. கடல் உள்ளே புகுந்து ஸ்டார்ட்டர் மோட்டாரை மூழ்கடித்தது. பயணம் ரத்து.

மேனேஜர் இராஜரத்தினம் கருகிய நூலை உருவி எடுத்தார். அதில் ஓர் இதழ் ஒட்டிக்கொண்டிருந்தது.

"உன் வேலைதானே இது?" என்றார் அருண்ராஜிடம்.

"நான் பொட்டு மட்டுந்தான் சார் வெச்சேன். பூ வாங்கவே இல்ல."

"பேசாத. பர்மிட்ட கேன்சல் பண்றேன். ஊருக்குப் போய் பூஜை பண்ணு." பிறகு மருதப்பன் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்றது சரிதாண்ணே. இவனுங்க திருந்த மாட்டானுங்க."

மருதப்பன் தலையாட்டினார்.

மத்தியானம் சோறு இறங்கவில்லை. காலையில் தலையாட்டியதே நினைவில் நின்றது. எழுந்து மேனேஜர் அறைக்குப் போனார்.

"சார், பூ கட்டினது நான்."

"நீங்களா? சும்மா இருங்க லா! அவனக் காப்பாத்தப் பாக்குறீங்க."

"என் வொய்ஃப் வாங்குன பூ. போன் போட்டு வேணாலும் கேளுங்க."

இராஜரத்தினத்துக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது. "பகுத்தறிவு அண்ணனே பூ கட்டுனாரா! சரி, அவன் வேலையில இருக்கட்டும். அடுத்த வாட்டி அவுக்க மறந்துடாதீங்க."

"எனக்கு ஒண்ணும் இல்லையா சார்?"

"உங்களுக்கு என்ன? போய் வேலையப் பாருங்கண்ணே."

ஒரே தப்பு. பர்மிட்காரன் செய்தால் நாடு கடத்தல், குடிமகன் செய்தால் நகைச்சுவை. திட்டியிருந்தால்கூட மருதப்பனுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அருண்ராஜ் எஞ்சின் அறையில் குனிந்து கருகிய கயிற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தான். மருதப்பன் மேலே குந்தி உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். அவன் நிமிரவில்லை.

"காலையிலயே வாயத் தொறந்திருக்கலாமேண்ணே."

"பயந்துட்டேன்ப்பா. சிரிப்பாங்கன்னு."

"சிரிப்பாங்கன்னா?" சுரண்டுவதை நிறுத்தினான். "வேல போச்சு, வர்றேன்னு அம்மாவுக்கு போன் பண்ணிட்டேன். நான் கட்டலைன்னு சொன்னா அதுவே நம்பல. அப்படியென்ன பக்தி உனக்குன்னு திட்டுச்சு."

கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தான். எண்ணை அழுத்தி, மேலே நீட்டினான்.

"நீங்களே சொல்லுங்க. யாரு கட்டுனதுன்னும் சொல்லுங்க."

மறுமுனையில் ஒரு பெண்குரல், "தம்பி, என்னாச்சுப்பா?" என்றது.

மருதப்பன் போனை வாங்கிக்கொண்டார்.

"அம்மா, நான் தம்பி இல்லம்மா" என்று தொடங்கித் தன் பெயரைச் சொன்னார்.