சிவப்பு டோக்கன்

சலவைக் கடையில் அவளுக்கு டோக்கன் அக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. வருகிற துணியைப் பார்த்து டோக்கன் குத்துவது அவள் வேலை. வெள்ளை என்றால் சாதாரணச் சலவை, மஞ்சள் என்றால் சாயம் போகும், சிவப்பு என்றால் இனித் தேறாது, கிழித்துத் துடைக்கிற துணியாக்கு. உள்ளே பிரித்துப் போடுகிறவர்கள் துணியை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள், டோக்கனைத்தான் பார்ப்பார்கள். ஒருமுறை அக்கா ஏதோ பராக்கில் ஒரு வக்கீலின் புத்தம்புதுக் கோட்டில் சிவப்பைக் குத்திவிட்டாள். சாயங்காலத்துக்குள் அந்தக் கோட்டு துண்டு துண்டாகி ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தது. வக்கீல் ஆடிய ஆட்டத்தை இன்றைக்கும் நடித்தே காட்டுவாள்.

அப்பேர்ப்பட்டவளுக்குக் கையிலும் முதுகிலும் நீலம் நீலமாகக் கன்றிப்போக ஆரம்பித்தது. எங்கே இடித்துக்கொண்டோம் என்று அவளுக்கே தெரியவில்லை. தெருவுக்கு மட்டும் எல்லாம் தெரிந்துவிட்டது. வீட்டுக்காரர் அடிக்கிறாராம். வேன் ஓட்டுகிற அந்த மனிதர் ஹாரன் அடிப்பதற்கே யோசிப்பவர். கண் காது மூக்கு வைத்துப் பேசுகிறவர்களுக்கு அதெல்லாம் எதற்கு?

தெருப் பேச்சை அக்கா சட்டை செய்யவில்லை. அவர் தலையணையை எடுத்துக்கொண்டு கூடத்தில் போய்ப் படுக்க ஆரம்பித்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. கேட்டால் புழுக்கம் என்றார். மழைக்காலத்தில் என்ன புழுக்கம்? உடம்பெல்லாம் கறுத்துப்போனவளைப் பிடிக்காமல் போய்விட்டது என்று அவளாகவே முடிவுகட்டிக்கொண்டு, அவர் முகத்தைப் பார்ப்பதையும் நிறுத்திவிட்டாள்.

சேதி எட்டி அண்ணன் வந்து நின்றார்.

"மாப்பிள்ளை, நான் அடிக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அது போதும் எனக்கு."

வீட்டுக்காரர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். அவர் தன்மேல் கை வைத்ததே இல்லை என்று அக்கா அடித்துச் சொன்னாள், அண்ணன் காதில் ஏறவில்லை. டாக்டரிடம் காட்டிவிட்டு அப்படியே தன் வீட்டுக்கு அழைத்துப்போய்விடுவதாகச் சொல்லிப் பெட்டியைக் கட்டவைத்தார். வீட்டுக்காரர் தடுக்கவில்லை. வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அவரே கொண்டுவந்து விட்டார். இனி அந்த வீடு தனக்கில்லை என்றே அக்கா நினைத்துக்கொண்டாள்.

ரத்தத்தைச் சோதித்த டாக்டரம்மா, பிளேட்லெட் அதலபாதாளத்துக்குப் போய்விட்டது என்றார். ரத்தம் கசியாமல் அடைப்பதே அதுதானாம். கிருமிமேல் ஒட்டவேண்டிய ஆன்டிபாடி, ஆள் தெரியாமல் அவளுடைய பிளேட்லெட்மேலேயே ஒட்டியிருக்கிறது. மண்ணீரலில் உள்ள செல்களுக்கு ஏற்பி என்று கொக்கிகள் உண்டு. அவை ஆன்டிபாடியின் வாலைப் பிடித்து இழுக்கும், அது ஒட்டியிருப்பது நல்லதா கெட்டதா என்று பார்க்காமல் செல் விழுங்கிவிடும்.

"சிவப்பு டோக்கன்," என்றாள் அக்கா.

டாக்டரம்மா விழித்தார். கோட்டுக் கதையைக் கேட்டதும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மருந்தும் அதே வழிதான் என்றார். பலர் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்த ஆன்டிபாடியை ஏராளமாக ஏற்றினால் கொக்கிகளுக்குக் கை ஒழியாது, பிளேட்லெட் தப்பித்துக்கொள்ளும். அது கொஞ்ச நாளைக்குத்தான் தாங்கும், அதற்குள் மாத்திரை வேலையைக் காட்டிவிடும்.

கதவோரம் நின்றிருந்த வீட்டுக்காரர் அப்போதுதான் வாய் திறந்தார்.

"அப்போ நான் அடிக்கலையா டாக்டர்?"

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை.

"தூக்கத்துல எனக்கே தெரியாம அடிக்கிறேனோன்னு நெனச்சேன். அதான் தள்ளிப் படுத்தேன். அப்பவும் நிக்கல. எழுந்து போய் அடிக்கிறேனோன்னு பயந்து, கையை ஜன்னல் கம்பியில கட்டிக்கிட்டுப் படுக்கிறேன்."

அக்கா அவருடைய சட்டைக் கையை மேலே தள்ளினாள். வலது மணிக்கட்டைச் சுற்றிக் கயிறு அறுத்த புண். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே என்று டாக்டரம்மா முன்னாலேயே அவரைத் திட்ட ஆரம்பித்தாள், பாதியில் அழுதுவிட்டாள்.

அவளை அன்றைக்கே வார்டில் சேர்க்கச் சொன்னார்கள். வீட்டுக்காரர் பெட்டியை எடுக்கக் குனிந்தார். அண்ணன் அதைச் சட்டென்று பறித்துக்கொண்டார்.

"விடுங்க மாப்பிள்ளை, கை வலிக்கும். நீங்க அவகூட நடங்க."