ஆதிமனிதன் ஓட்டிய பஸ்

டயட்டீஷியன் வேலை என்பது அடுத்தவர் தட்டில் கை வைத்துச் சம்பளம் வாங்குகிற வேலை. மஞ்சக்குப்பத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் 2004-இல் சேர்ந்தேன். வியாழக்கிழமை மட்டும் பஸ் ஏறி அதன் சிதம்பரம் கிளைக்குப் போக வேண்டும். டயட் சார்ட் எழுதிக் கொடுத்தே தொண்டை வற்றிப்போன என் இனத்துக்காரர்களே, உங்களுக்குத் தெரியாததா? மூன்று இட்லி என்று எழுதினால் ஒவ்வொன்றையும் தட்டு சைஸில் ஊற்றுவார்கள். சர்க்கரை வேண்டாம் என்றால் வெல்லத்துக்கு மாறிவிட்டு, எப்படி நம் சாமர்த்தியம் என்று நம்மையே பார்த்துச் சிரிப்பார்கள். அதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டேன். 2010-இல் எங்கள் ஊருக்கு ஆதிமனிதன் வந்து சேர்ந்தான், அவனைத்தான் தாங்க முடியவில்லை.

செம்மண்டலத்துக் குகைவாசி

அவனைக் கூட்டி வந்தவர் முரளி. செம்மண்டலத்துக்காரர், அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை, வீடு கட்ட ஆறு மாதம் லீவில் வந்திருந்தார். காலையில் மஞ்சக்குப்பம் மைதானத்துக்கு நடக்கக் காரில் வருவார். அங்கே தொப்பையோடு சுற்றுகிறவர்களைப் பிடித்து நிறுத்திப் பாடம் எடுப்பார். அரிசி, கோதுமை, பருப்பு, பால் எதுவுமே மனிதனுக்கானது இல்லையாம். விவசாயம் வருவதற்கு முன்னால் ஆதிமனிதன் தின்றதை மட்டும் தின்றால் சுகர், பிரஷர் எல்லாம் ஓடிப்போகுமாம். கறி, மீன், முட்டை, கீரை, பாதாம், அவ்வளவுதான் சாப்பாடு.

நான் சும்மா இருந்திருக்கலாம். எந்த ஊர் ஆதிமனிதன் சார் என்று கேட்டுவிட்டேன். நம்ம ஊர்க் கடலோரத்தில் கிடந்தவன் என்றால் நண்டும் நத்தையும் கிழங்கும் தின்றிருப்பான். இவர் கொண்டுவந்த ஆளோ காலிஃப்ளவரும் பாதாமும் பிராய்லர் கோழியும் தின்கிறான். பிராய்லர் கோழியை வேட்டையாட ஈட்டி எதற்கு, அது எழுந்து நடக்கவே முடியாமல் உட்கார்ந்திருக்கும்.

சும்மா சொல்லக் கூடாது, பஜ்ஜியையும் பாட்டில் கலரையும் விட்டதால் நாலைந்து பேருக்கு எடை குறைந்தது நிஜம். அதைத்தான் நான் ஆறு வருஷமாகக் கத்திக்கொண்டிருந்தேன். ஆனால் நான் சொன்னதில் குகை இல்லை, அதனால் ஒருத்தர் காதிலும் ஏறவில்லை. முரளி என்னைப் பாவமாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மேடம், நீங்க காலத்துல ரொம்ப பின்தங்கி இருக்கீங்க."

டாக்டருக்குத் தெரியாமல்

என் வியாழக்கிழமை பஸ்ஸை ஓட்டுகிறவர் குணசேகரன். கடலூர் சிதம்பரம் தனியார் பஸ். அப்பா காலம் வரைக்கும் கடலுக்குப் போன குடும்பம், இவர்தான் முதலில் ஸ்டியரிங்கைப் பிடித்தவர். சுகருக்கு எங்கள் ஆஸ்பத்திரியில்தான் மாத்திரை வாங்கினார். அடுத்த தடவையும் சுகர் இப்படியே இருந்தால் இன்சுலின்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். குணசேகரனுக்கு ஊசியைக் கண்டு பயமில்லை. ஊசி போட்டுக்கொள்கிற டிரைவர் வேண்டாம் என்று பஸ் ஓனர் ஏற்கெனவே ஒருவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார். தன் வண்டியும் கையை விட்டுப் போய்விடும் என்பதுதான் பயம். மனுஷருக்கு வேறு தொழில் தெரியாது.

அந்தப் பயத்தோடு மைதானத்தில் நடந்தவரை முரளி பிடித்துக்கொண்டார். ஒரே நாளில் சோற்றை நிறுத்திவிட்டார் குணசேகரன். பஸ்ஸில் பெருமையாக என்னிடம் சொன்னபோது எனக்குப் பகீர் என்றது. சோற்றைக் குறையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் உங்கள் மாத்திரை மூன்று வேளையும் சோறு தின்கிறவருக்கு எழுதின மாத்திரை, சோற்றை நிறுத்திவிட்டு அதையே போட்டால் சுகர் தடாலென்று இறங்கிவிடும், இன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். தலையைத் தலையை ஆட்டினார். சொல்லவில்லை. முரளி பேரை எடுத்தால் டாக்டர் ஃபைலைத் தூக்கி எறிவார் என்று அவருக்குத் தெரியும்.

சரி, நானே போய்ச் சொன்னேன். எங்கள் டாக்டர் பேஷண்டிடம் பேசுகிற நேரத்தில் ஒரு தும்மல்கூடப் போட முடியாது. நிமிர்ந்து பார்க்காமலே பதில் சொன்னார்: "நான் சொல்லாம என் பேஷண்ட் ஒரு இட்லிய கூட நிறுத்த மாட்டாரும்மா."

புரட்டாசி பிறந்தது

ஆதிமனிதனுக்கு நம்ம ஊரில் வந்த முதல் ஆபத்து புலியில்லை, புரட்டாசி. குணசேகரன் மனைவி செல்வி திருவந்திபுரம் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டவர். அந்த மாதம் முழுக்க அவர் வீட்டில் கறி, மீன், முட்டை எதுவும் வாசற்படி தாண்டாது. புருஷனோ சோறு, பருப்பு, தயிர் எதையும் தொட மாட்டேன் என்கிறார். இரண்டையும் கழித்தால் மிச்சம் இருப்பது வெள்ளரிக்காயும் கீரையும் தேங்காயும்தான்.

செல்வி என் ரூமுக்கு வந்து உட்கார்ந்து, மனுஷன் சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது, காரணமில்லாமல் எரிந்து விழுகிறார், சாயங்காலம் ஆனால் கை நடுங்குகிறது என்று வரிசையாகச் சொன்னார். ஒரு கிண்ணம் சோறு, கொஞ்சம் சுண்டல், ஒரு டம்ளர் மோர் என்று எழுதிக் கொடுத்து, அவரைக் கையோடு டாக்டரிடம் இழுத்து வாருங்கள் என்றேன். காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டு செல்வி கேட்டார்: "அந்த ஆதிமனுசனுக்குப் புரட்டாசி உண்டா இல்லியா, அத மட்டும் சொல்லுங்க மேடம். உண்டுன்னா அவன் இன்னா துன்னான்?"

லால்பேட்டை விருந்து

செல்வி இழுத்து வருவதற்குள் லால்பேட்டையில் கல்யாணம் வந்துவிட்டது. இது பிற்பாடு குணசேகரனே என்னிடம் சொன்னது. பஸ்ஸுக்கு வேலை பார்க்கிற மெக்கானிக் பாய் வீட்டுக் கல்யாணம், புதன்கிழமை மத்தியானம் பிரியாணி. வீட்டில் வெள்ளரிக்காய் தின்று நொந்துபோயிருந்தவருக்கு இதைவிட நல்ல செய்தி உண்டா? சோற்றை ஒதுக்கிவிட்டுக் கறியை மட்டும் தின்னலாம், ஆதிமனிதனுக்கும் துரோகமில்லை, செல்விக்கும் தெரியாது என்று கணக்குப் போட்டுக் கிளம்பிவிட்டார்.

அங்கே போனால் தனி இலை கிடையாது. சஹன் என்று ஒரு பெரிய தட்டு, அதில் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து சேர்ந்து சாப்பிட வேண்டும். கறி நாலு பேருக்கும் பொது. இவர் சோற்றை விலக்கி விலக்கிக் கறியாகப் பொறுக்க, எதிரே இருந்த பெரியவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, இந்தப் பக்கம் சோறு மட்டுந்தான் இருக்கு"ன்னு மெதுவாகச் சொன்னாராம். குணசேகரனுக்கு மானம் போய்விட்டது. அந்த வெட்கத்தில் சோற்றையும் அள்ளித் தின்றிருக்கிறார். மூன்று மாதம் கழித்துத் தின்ற சோறு, நன்றாகவே இறங்கியிருக்கிறது.

தின்றது உறுத்தியதால் மறுநாள் விடியற்காலையில் ஒரு காரியம் செய்தார். நம்ம ஜனங்களுக்கே உரிய காரியம் அது, என் இனத்துக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். பிராயச்சித்தமாக இன்னொரு மாத்திரையைச் சேர்த்துப் போட்டுக்கொண்டு, வெறும் வெள்ளரிக்காயைக் கடித்துவிட்டு வண்டி எடுக்கக் கிளம்பிவிட்டார். ஏன்யா இப்படிச் செய்தாய் என்று பிற்பாடு நான் கேட்டதற்கு, என்னமோ நான் புதுசாகக் கேட்பதுபோல் விழித்தார்: "விருந்து சாப்ட்டா மாத்திரைய ஒண்ணு ஜாஸ்தி போடறதுதான மேடம் வழக்கம்?"

ஆலப்பாக்கம் தாண்டி

அது வியாழக்கிழமை. நான் டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது சீட்டில் இருந்தேன். ஆலப்பாக்கத்தில் இறங்க நாலு பேர் படியில் நிற்கிறார்கள், பஸ் நிற்காமல் போகிறது. கண்டக்டர் ராஜா விசிலை ஊதி ஊதிப் பார்க்கிறான். அவன் செல்வியின் தம்பி, குணசேகரனுக்கு மச்சான். இறங்க வேண்டியவர்கள் திட்ட ஆரம்பித்தார்கள். குடிச்சிருக்கான் என்று ஒருத்தர் சத்தம் போட்டார். வண்டி ரோட்டை விட்டு மண்ணில் இறங்கி, மறுபடி ரோட்டுக்கு ஏறியது.

எழுந்து போய்ப் பார்த்தேன். சட்டை முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது, கண் எங்கேயோ இருந்தது. வண்டியை ஓரம் கட்டுங்க என்று அதட்டினேன். நீங்க யாரும்மா என்று என்னையே கேட்டார். ஐம்பது பேர் பின்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். ராஜா அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, "மாமா, பிரேக் புடி மாமா, அக்கா மேல சத்தியம்"னு கெஞ்சினான். அந்தக் குரலுக்குத்தான் கால் கேட்டது. பாதி ரோட்டிலும் பாதி மண்ணிலுமாக வண்டி நின்றது.

எதிரே இருந்த டீக்கடையிலிருந்து சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து ராஜா ஓடிவந்தான். மனுஷர் வாயை இறுக மூடிக்கொண்டார். சுகர் இறங்கினால் வருகிற பிடிவாதம் அது, அதை எந்த ஆதிமனிதனும் ஜெயிக்க முடியாது. தலையை நிமிர்த்திப் பிடித்து, கன்னத்தைத் தட்டி, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தோம். கால் டம்ளர் உள்ளே போன பிறகு என்னை அடையாளம் தெரிந்து, குற்றம் செய்த குழந்தை மாதிரி முறையிட்டார்: "மேடம், நான் சக்கரைய வுட்டு மூணு மாசம் ஆவுது மேடம்."

முரளியின் தீர்ப்பு

அவரை ஆட்டோவில் போட்டு எங்கள் சிதம்பரம் கிளையில் சேர்த்தோம். அந்த மாத்திரையின் வேகம் சீக்கிரம் அடங்காது, மறுபடி இறங்கும் என்பதால் ராத்திரி முழுக்க வைத்திருந்தார்கள். நல்லவேளை, ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லை. டாக்டர் அதன்பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார், மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார்.

ஊருக்கு வந்ததும் முரளியைத் தேடி மைதானத்துக்கே போனேன். அவ்வளவு கோபம் எனக்கு. மாத்திரை போடுகிறவருக்கு யோசனை சொல்லுமுன் அவர் என்ன மாத்திரை போடுகிறார் என்று ஒரு வார்த்தை கேட்டீரா என்றேன். நடந்ததை முழுக்கச் சொன்னேன். முகத்தில் ஒரு வருத்தம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. பாதாமை மென்று முடித்துவிட்டுச் சொன்னார்: "பிரியாணில சோறு தின்னாருன்னு சொல்றீங்களே மேடம், அவர் டயட்ட ஒழுங்கா ஃபாலோ பண்ணல."

டைம் கீப்பர்

பாதி மாத்திரை, அளவான சோறு, மைதானத்தில் நடை. நாலு மாதத்தில் குணசேகரனின் சுகர் ஒழுங்காகிவிட்டது. இன்சுலின் பேச்சே எழவில்லை. ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு நானும் அவரோடு ஓனரிடம் போனேன். அவர் ரிப்போர்ட்டைக் கையில்கூட வாங்கவில்லை. ரோட்டில் மயங்கின டிரைவர் மயங்கின டிரைவர்தான் என்றார். அவரைத் தப்பு சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை, நானும் அந்த பஸ்ஸில் இருந்தவள்தானே.

இரக்கப்பட்டு டைம் கீப்பர் வேலை கொடுத்தார். 2012-இல் நான் அந்த ஆஸ்பத்திரியை விட்டு விலகும்வரை வியாழன்தோறும் கடலூர் பஸ் ஸ்டாண்டில் குணசேகரனைப் பார்த்தேன். வாயில் விசில், கையில் வாட்ச், தன் பழைய வண்டி கிளம்புவதை ஒவ்வொரு தடவையும் அது வளைவு திரும்புகிறவரை நின்று பார்ப்பார். முதல் வாரம் என்னை ஏற்றிவிட்டு ஜன்னல் பக்கம் வந்து, ஸ்டியரிங்கில் இருந்த புதுப் பையனைக் காட்டிச் சொன்னார்: "இவனுக்குச் சுகர் இல்ல மேடம், நான் விசாரிச்சிட்டேன். நீங்க பயப்படாம தூங்கிகினு போங்க."

ஆதிமனிதன் மாதிரி சாப்பிட்டால் உடம்புக்கு நல்லதா என்று யாராவது கேட்டால், இன்று காலையில் என்ன மாத்திரை போட்டீர்கள் என்று கேட்காமல் நான் வாயைத் திறப்பதே இல்லை.