தோலுரித்துத் தின்ற மாத்திரை

முதலில் குதிகாலில்தான் வலித்தது. நாள் முழுக்க நின்று பாடம் நடத்துகிறவனுக்கு வராத வலியா என்று விட்டுவிட்டேன். சிறுநீரகம் செயலிழந்து, பாளையங்கோட்டையில் வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் (இயந்திரத்தின் வழியே ரத்தத்தைச் சுத்திகரிப்பது) நடந்துகொண்டிருந்த காலம். மற்ற நாட்களில் கரும்பலகை முன்னால் நிற்க முடிந்தது. என் வேலை தப்பியது அதனால்தான்.

டாக்டர் வைட்டமின் டி எழுதிக் கொடுத்திருந்தார். எண்ணெய் அடைத்த சின்ன கேப்சூல் மாத்திரை. வெயிலில் எவ்வளவு காய்ந்தாலும், அந்தச் சத்தை உடம்புக்கு ஏற்றபடி மாற்றித் தருவது சிறுநீரகம். அது படுத்துவிட்டால், மாற்றிய சத்தையே விழுங்கவேண்டும். இல்லையென்றால் ரத்தத்தில் கால்சியம் (சுண்ணாம்புச் சத்து) குறைந்து, உடம்பு அதை எலும்பிலிருந்து உருவ ஆரம்பிக்கும்.

இதெல்லாம் எனக்குப் புரியாமல் இல்லை. நான் வேதியியல் வாத்தியார். வினையே அதுதான். மாத்திரையின் மேல்தோல் ஜெலட்டின் (மாட்டெலும்பையும் தோலையும் காய்ச்சி எடுப்பது) என்பதும் தெரியும். முட்டை சேர்த்த பிஸ்கட்டைக்கூட வாசல்படி ஏற்றாத சைவ வீடு எங்களுடையது. தினமும் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு, குண்டூசியால் மாத்திரையைக் குத்தி, கரண்டியில் பிதுக்கி நக்கிவிட்டு, தோலை எறிந்தேன். இத்தனூண்டு எண்ணெய். பாதி தோலோடும் மீதி கரண்டியோடும் போயிருக்கும். மருந்தும் ஆச்சு, சைவமும் ஆச்சு என்று பெருமை வேறு.

"மாத்திரைய ஒழுங்கா சாப்பிடுதீங்கள்ளா, சார்வாள்?" என்று டாக்டர் கேட்பார்.

"ஒரு நாள்கூட விடல, டாக்டர்."

ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துக் குழம்பி, அளவைக் கூட்டுவார். நானும் கூடுதலாகக் குத்துவேன்.

ஒருநாள் டவுணில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். படியிலிருந்து தரையில் கால் வைத்தேன், அவ்வளவுதான். விழக்கூட இல்லை. இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் நர்ஸ் அதே மாத்திரையை நீட்டியதும், "ஒரு குண்டூசி கிடைக்குமா, சிஸ்டர்?" என்று கேட்டேன். எதற்கு என்றார். சொன்னேன். பக்கத்தில் நின்ற என் மனைவி தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"மாட்டெலும்பு ஆகாதுன்னுட்டு ஒங்க எலும்ப நீங்களே தின்னுருக்கீங்க. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?"

நர்ஸ் சொல்லி விஷயம் தெரிந்த டாக்டர் திட்டியிருந்தால் தேவலை. சீட்டில் எதையோ எழுதிவிட்டு, அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

உங்களுக்கும் இப்படியொரு சங்கடம் இருந்தால் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லித் தொலையுங்கள். வேறு வழி இருக்கிறதா என்றாவது கேட்கலாம். நான் கேட்கவில்லை.

எலும்பு கோணலாகத்தான் சேர்ந்தது. வேலையை விட்டாயிற்று. குளியலறைக்குப் போய்வரவே அரைமணி நேரம் ஆகிறது. டயாலிசிஸுக்குப் போவது தவிர வெளியே எங்கும் போவதில்லை. எனக்கு வாரத்தில் செவ்வாய், வெள்ளி என்று இரண்டே கிழமைதான்.

இப்போது மாத்திரையை முழுசாகவே விழுங்குகிறேன். என் மனைவி நம்புவதில்லை. காலையில் எதிரே வந்து நின்று, "வாயத் திறங்க" என்கிறாள். நாற்பத்தாறு வயதில், நாக்கைத் தூக்கிக் காட்டுகிறேன்.