அக்கா சொன்ன பதில்

எஸ்டேட்டில் ரப்பர்ப் பால் வெட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் என் இடது செருப்பு கழன்றுபோனது எனக்குத் தெரியவில்லை. மூன்று நிரை மரம் தாண்டிய பிறகு, பின்னால் வந்தவர் சொல்லித்தான் பார்த்தேன். மரத்துப்போன அதே கால்கள் அடுத்த மாதம் எரியத் தொடங்கின. போர்வை பட்டாலும் அலறினேன்.

ஈப்போ ஆஸ்பத்திரியில் நோயின் பெயர் சொன்னார்கள்: தன்னெதிர்ப்பு நரம்பு நோய் (உடம்பின் எதிர்ப்புச் சக்தி சொந்த நரம்பையே தாக்குவது). கேட்டதும் கோபம்தான் வந்தது. முப்பது வயதுவரை காய்ச்சலுக்குக்கூடப் படுக்காத உடம்பு, கூட இருந்தே குழி பறித்துவிட்டது. ஸ்டீராய்டு மாத்திரையில் நடை திரும்பியது, எரிச்சல் போகவில்லை. எஸ்டேட்டை விட்டு ஜெலாப்பாங்கில் அக்கா வீட்டுக்கு வந்துவிட்டேன்.

எண்பதுகளின் நடுவில், கோலாலம்பூருக்கு வந்திருந்த வெளிநாட்டு நிபுணர் ஒருவரிடம் அனுப்பினார்கள். முதுகுத்தண்டுத் தூண்டல் (தண்டுவடத்தருகே மெல்லிய கம்பி வைத்து, மின்னதிர்வால் வலியை மறைப்பது) என்றார்கள். முதலில் சில நாள் சோதனைக் கம்பி. வலி பாதியாவது குறைந்தால்தான் நிரந்தரக் கம்பி. அவருக்கு ஆங்கிலம் மட்டும். எனக்கு அது வராது. கிளினிக்கில் வேலை செய்த அக்காதான் இடையில் நின்றாள். சோதனை முடிந்த அன்று, டாக்டருக்காகக் கேட்டாள்.

"எப்படிடா இருக்கு?"

"குறுகுறுன்னு இருக்குக்கா. எரிச்சல் கால்வாசிகூட கொறையல லா."

அவள் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள். டாக்டர் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன், மடையன்.

நிரந்தரக் கம்பி வைத்தார்கள். இடுப்பில் பேட்டரிப் பெட்டி, மின்னதிர்வை உள்ளே அனுப்பத் தோலில் ஒட்டிய வளையம். எரிச்சல் அப்படியே இருந்தது. "மெஷின் வெச்சுமா வலிக்குது?" என்று எல்லாரும் ஒரு மாதிரி பார்த்தார்கள். ஓராண்டு கழித்து ஈப்போவில் ஒரு தமிழ் டாக்டர் என் கோப்பைப் புரட்டினார்.

"சோதனையில பாதிக்கு மேல கொறஞ்சதுன்னு சொல்லியிருக்கீங்களே?"

அக்கா தரையைப் பார்த்தாள். வெளியே வந்து ஏன் என்று கேட்டேன்.

"கம்பி வெக்காம திருப்பி அனுப்பிட்டா எங்கடா போறது? வெச்சா போகப்போகக் கேக்கும்னு நெனச்சேன். நீ அலறுறத என்னால கேக்க முடியல லா."

அந்தப் பொய்யைக்கூட மன்னிப்பேன். ஓராண்டு முழுக்க, நான் வலிக்கிறது என்றபோதெல்லாம், எல்லாம் தெரிந்தே "பொறுத்துக்கோ, பழகிரும்" என்றாளே, அதை மன்னிக்க முடியவில்லை.

இதே சிகிச்சைக்குப் போகிறவர்களே, உங்கள் வலியை நீங்களே சொல்லுங்கள். மொழி வராவிட்டால் விரலைக் காட்டியாவது சொல்லுங்கள்.

பெட்டியை அணைத்துவிட்டேன். கம்பி உள்ளேயே இருக்கிறது. காலையில் ஒரு மணி நேரம் நிற்க முடியும். என் நாள் அவ்வளவுதான். இப்போதும் அக்காவின் தோளைப் பிடித்துத்தான் பஸ் ஏறுகிறேன். இப்போது பார்க்கும் மலாய் டாக்டர் கேட்டதும் அவள் வாயைத் திறக்கிறாள். கையைக் காட்டி நிறுத்திவிட்டு, "மாசி சாக்கிட், டாக்டர்" என்று எனக்குத் தெரிந்த மலாயில் நானே சொல்கிறேன், இன்னும் வலிக்கிறது என்று.