ஃபியூஸில் சுற்றிய தங்கத் தாள்

அப்பாவுக்கு ஆலையில் வேலையே குறை கண்டுபிடிப்பதுதான். ஹைதராபாத்தில் பொதுத்துறை ஆலை ஒன்றில் மின்கருவிகளைச் சோதிக்கும் பிரிவில் இருந்தார். தலைமுடி அளவு கீறல் இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார். அப்பேர்ப்பட்டவர் சொந்தக் காரில் டேப் ரிக்கார்டர் பொருத்தும் வேலையை அம்மாவின் தம்பியிடம் விட்டுவிட்டார். மச்சினன் செய்ததைச் சோதித்துப் பார்த்தால் அம்மா முகம் வாடிப்போகும், வேறென்ன! வாயால் கேட்டதோடு சரி.

"தனி ஃபியூஸ் போட்டியாடே? தகட்டு ஓட்டையில கம்பி உரசாம ரப்பர் வளையம் வச்சியா?"

"எல்லாம் ஆச்சு அத்தான், கவலை நக்கோ" என்று அந்த ஊர் உருதுவில் வேண்டாமென்றார் செகந்திராபாத்திலேயே வளர்ந்த மாமா.

ஃபியூஸ் போட்டது நிஜம். வளையம்தான் வைக்கவில்லை. கம்பி தகட்டில் உரசி உரசி, சனிக்கிழமை மத்தியானத்துக்குள் மூன்று ஃபியூஸ் போய்விட்டது. மாமா நேரே என்னிடம் வந்தார். சாக்லேட் சுற்றிவரும் தங்கத் தாள்களை நகத்தால் நீவிச் சேர்த்து வைத்திருந்தேன். அக்கா திருடிவிடக்கூடாதென்று ஒவ்வொன்றின் மூலையிலும் என் பெயரின் முதல் எழுத்தைக் கீறியிருப்பேன்.

"ஏட்டி, ஒண்ணே ஒண்ணு குடேன். அத்தான்கிட்ட மூச்சு விடாதே."

போன ஃபியூஸின் மேல் அதைச் சுற்றினார். பாட்டு வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் காலை ஆராதனைக்குப் புறப்பட்டோம். முன்னால் அம்மா மடியில் ஆறு மாதத் தம்பி. பின்னால் மாமாவும் அக்காவும் நானும். பாதி வழியில் அம்மாவின் காலடியிலிருந்து புகை கிளம்பியது. அப்பா வண்டியை ஓரங்கட்டி எல்லோரையும் இறக்கிவிட்டார். பானட்டைத் திறந்து, கொதிக்கிற கம்பியை வெறுங்கையால் பாட்டரியிலிருந்து பிடுங்கினார். வலது உள்ளங்கைத் தோல் கம்பியோடு போய்விட்டது. கடவுளே, அந்த நாற்றம் இன்றைக்கும் என்னை விடவில்லை.

புகை அடங்கியதும் இடது கையால் ஃபியூஸைக் கழற்றினார். தாள் ஓரத்தில் மட்டும் கருகியிருந்தது. பிரித்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"இது யாரோடதுன்னு தெரியுமாம்மா?"

"தெரியாதுப்பா."

சரி என்று தலையாட்டினார். தாளைக் கசக்கிச் சாக்கடையில் போட்டார். மாமா அழுதுகொண்டே ஏதோ சொல்ல வந்தார்.

"ஃபியூஸ் போச்சுன்னா எங்கயோ உரசுதுன்னு அர்த்தம்டே. அதைத் தேடணும்" என்றவர், அம்மா பக்கம் திரும்பி, "நான் ஒரு தடவ பார்த்திருக்கணும். என் தப்பு" என்றார்.

தப்பித்தேன் என்று சந்தோஷப்பட்டேன். மூலையில் இருந்த எழுத்தை அவர் கவனிக்கவே இல்லை என்று நினைத்தேன். ஆலையில் தலைமுடிக் கீறலைக் கண்டுபிடிக்கிறவர் அவர் என்பது அப்போது என் புத்திக்கு எட்டவில்லை.

கை ஆறும்வரை சோறு ஊட்ட அக்காவைக் கூப்பிடவில்லை, என்னைத்தான் கூப்பிட்டார். ஒவ்வொரு வாய்க்கும் என் முகத்தையே பார்ப்பார். நான் ஏதாவது சொல்வேனென்று காத்திருக்கிறார் என்று தெரியாமல், அடுத்த உருண்டையை உருட்டிக்கொண்டிருந்தேன்.